ததேயூஸ் நடித்த படம்

அந்தப் படத்தில் கதை இல்லை என்பதில் பொழிக்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஒரு ராஜா, ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு பச்சைக் கல், அதைத் தேடி வருகிற ஒரு சூனியக்காரி. கல் கிடைத்தால் என்ன ஆகும் என்று சூனியக்காரிக்கும் தெரியவில்லை, ராஜாவுக்கும் தெரியவில்லை, எழுதினவனுக்கு மட்டும் தெரிந்திருக்குமா என்ன! ஆனால் கண்ணுக்கு விருந்து. மலை பிளக்கிறது, யானைக்குச் சிறகு முளைக்கிறது, கடல் சுவராக எழுந்து நிற்கிறது. “கதை ஒண்ணும் இல்ல, கிராபிக்ஸ் கொள்ளாம்” என்று ஆட்டோக்கார பிஜு முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். படத்தின் பெயரில் ஒரு மகாவும் ஒரு யுகமும் இருந்தன. நடுவில் இருந்ததைச் சொல்ல கடற்கரையில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. ததேயூஸ் நடித்த படம் என்றார்கள், அவ்வளவுதான்.

ததேயூஸ் கடலில் போய் இது இரண்டாவது மழைக்காலம். ஃபைபர் வள்ளத்தில் அவனும் தம்பி லிண்டோவும் போனார்கள். திரும்பி வந்தது லிண்டோ மட்டும். தேடாத இடமில்லை, உடல் கிடைக்கவில்லை. லிண்டோ கரையில் இறங்கி “அண்ணனக் காணல்ல” என்று ஒரே வார்த்தை சொன்னான். பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடலுக்கும் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலைக்குப் போனான். ஊரும் அவனைத் தோண்டிக் கேட்கவில்லை, பாவம் என்று விட்டுவிட்டது.

உடல் கிடைக்காதவர்களுக்குப் பெட்டியில் துணி வைத்து அடக்கம் செய்வது அந்தக் கரையில் உண்டு. போட்டிருந்த சட்டை ஒன்று, ஒரு கைலி, ஒரு ஜெபமாலை. குழி வெட்டி, பூசை வைத்து, சிலுவையில் பெயர் எழுதினால்தான் போன ஆத்துமாவுக்கு ஒரு இடம் கிடைக்கும், இருக்கிறவர்களுக்கும் அழுது தீர்க்க ஒரு இடம் கிடைக்கும். ததேயூஸின் பெண்டாட்டி ஜெம்மா வெகுநாள் பிடிவாதம் பிடித்துவிட்டுக் கடைசியில் சம்மதித்திருந்தாள். சனிக்கிழமை அடக்கம் என்று பங்குக் கோயில் சாமியார் விகாரி அச்சன் நாள் குறித்தார். நீலக் கோடு போட்ட சட்டையை ஜெம்மாவே எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம்தான் படம் வந்து தொலைத்தது.

லிண்டோவின் பெண்டாட்டி லிஜாவுக்கு அந்தச் சட்டையின் மேல்தான் முதலில் சந்தேகம் தட்டியது. பெட்டிக்கென்று மடித்துவைத்த சட்டை, படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை கொடியில் ஈரமாகத் தொங்கியது. ஜெம்மா அதை சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

“என்னத்துக்கு அக்கா இப்ப இதைத் துவைச்சிய?” என்று லிஜா கேட்டாள்.

“அவிய வந்தா இதை இடாண்டாமா?” என்றாள் ஜெம்மா.

லிஜா பாலராமபுரம் பக்கத்துப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், கல்யாணம் கட்டித்தான் கடலைப் பக்கத்தில் பார்த்தாள். அந்த இரைச்சலில் தூங்கப் பழகவே அவளுக்கு வெகுகாலம் பிடித்தது. ஜெம்மாவின் வார்த்தையைக் கேட்டதும் அவள் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். மறுபடி கேட்கப் பயந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முதல் நாள் படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருந்தார்கள். ததேயூஸ் அதில் நடித்த கதையே வேறு. பாறசாலைக்கு இந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஓட்டுக் கம்பெனியில் சினிமாக்காரர்கள் பச்சைத் துணி கட்டினார்கள். தண்ணீரில் விழத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டபோது பிஜுதான் ததேயூஸைக் கூட்டிக்கொண்டு போனான். உடம்போடு ஒட்டின கறுப்பு உடுப்பு மாட்டி, மேலெல்லாம் அசைவைப் பிடிக்கிற வெள்ளை உருண்டைகளை ஒட்டினார்கள். கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றச் சொன்னார்கள். மாதா படம் தைத்த அந்தத் துணித் துண்டைக் கல்யாணத்தன்று கூட அவன் கழற்றினதில்லை. பிஜுவின் கையில் கொடுத்துப் பத்திரம் சொல்லிவிட்டு ஏணி மேல் ஏறினான். “வள்ளத்திலேருந்து தெறிச்சு விழுந்தா எப்படி விழுவீங்க, அப்படி விழுங்க” என்றார்களாம். அன்று முழுக்க விழுந்துவிட்டு வந்து, “வெள்ளமே இல்லாம மெத்தையில விழுந்து செத்தேன், பிரியாணி தந்தானுவ” என்று சொல்லிச் சிரித்தான்.

படத்தில் அவன் முகம் எங்கேயும் இல்லை. ஊர்க்காரர்கள் ஏமாந்துபோனார்கள். சூனியக்காரியின் படை கடலைக் கடந்து வரும்போது ராஜாவின் மகன் அம்பு விடுகிறான். இரும்பு முகமூடி போட்ட பூதங்கள் மரக்கலங்களிலிருந்து விழுகின்றன. பத்தாயிரம் பூதங்கள் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. அதில் எது ததேயூஸ் என்று தியேட்டரில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெம்மா லிஜாவின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள்.

“எல்லாம் அவியளாக்கும்” என்றாள்.

லிஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விழுகிற ஒவ்வொரு பூதத்துக்கும் வலது கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே இல்லாத எதையோ பிடித்து வாய்க்குக் கடிக்கக் கொடுத்தது. பிறகு இடது கை ஒருதரம் நீண்டு வெளியே போயிற்று. கடலில் விழுகிறவன் உத்தரியம் கழன்று போகாமல் முதலில் பல்லில் கடித்துக்கொள்வான். அந்தக் கரையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த வழக்கம் அது. கழுத்தில் ஒன்றும் இல்லாத அன்றைக்கும் ததேயூஸின் கைக்கு அது மறக்கவில்லை. சினிமாக்காரனுக்கு அது என்னவென்று தெரியாது, நன்றாயிருக்கிறதென்று எல்லாப் பூதத்துக்கும் அதையே கொடுத்துவிட்டான். நெல் வயலில் காற்று போகிறது போல, அந்தக் கைகள் வரிசை வரிசையாகக் கழுத்துக்குப் போய் வாய்க்குப் போயின. முகமில்லாத அத்தனை பேரும் ததேயூஸாகச் செத்தார்கள்.

அதோடு போயிருந்தால் ஜெம்மா அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். இடைவேளைக்குப் பிறகு சூனியக்காரி செத்த படையை மறுபடி எழுப்பினாள். கடல் கறுத்துக் கிடந்தது, பின்னணியில் பாட்டுகூட இல்லை. பூதங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து மேலே வந்தன. இடது கையை நீட்டி உள்ளே இழுத்தன, வாயிலிருந்து எதையோ எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டன, நின்றன. தியேட்டரே விசிலடித்தது. ஜெம்மா மட்டும் நாற்காலி விளிம்பில் வந்து உட்கார்ந்து, தன்னைத்தான் பார்த்துச் செய்கிறார்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் மதியக் காட்சிக்குப் போனாள். விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, சருவத்தைத் தலையில் வைத்துக் காரோடு ஊர் வரை நடந்து விற்கிறவள், சருவத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். மழைக்காலம், ட்ராலிங் தடை வேறு, கரைமீனுக்கு நல்ல கிராக்கி உள்ள சமயம். யாரோ வாடிக்கைக்காரர் போன் செய்து கேட்டதற்கு, “கொஞ்ச நாளு களியட்டு” என்று வைத்துவிட்டாள். தியேட்டர் கவுண்டரில் இருந்தவன் அவளைக் கண்டதும், “சேச்சி இன்னைக்கும் உண்டோ? இதுல அப்படி எந்து கண்டு?” என்று சிரித்தான். ஜெம்மாவும் சிரித்தாளாம். பிஜு வந்து சொன்னான்.

சாயங்காலம் அவள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. நெய்யாறு கடலில் விழுகிற பொழி முகத்தில் மழைக்கு மண்திட்டு உடைந்து தண்ணீர் காவி நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. அங்கே போய் நின்றாள். முதல் நாள் சேலையின் கரை மட்டும் நனைந்திருந்தது. அடுத்த நாள் முழங்கால். லிஜா துணி துவைக்கும்போது ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். புதன்கிழமை இடுப்பு வரைக்கும் மணல் ஒட்டியிருந்தது.

அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்து, கிண்ணத்தை அவள் முன்னால் தள்ளிவிட்டு லிஜா கேட்டே விட்டாள்.

“அக்கா, பொழிக்குள்ள இறங்குதியளா?”

“ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லாண்டாம். சேலை சொல்லுது.”

ஜெம்மா மரச்சீனியைப் பிட்டு மீன்சாற்றில் தோய்த்தாள், தின்னவில்லை.

“நான் சொன்னா நீ பேடிக்கப்பிடாது, மக்கா.”

“நீங்க சொல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயம்.”

“அவிய விளிக்காவ” என்றாள் ஜெம்மா. ரேஷன் கடைக்குப் போகிற விஷயத்தைச் சொல்லுகிற குரல்தான். “நீயும் கண்டா இல்லியா? வெள்ளத்திலேருந்து எழும்பினதும் இந்தக் கையை இப்பிடி நீட்டி, வா வான்னு. பெறவு உத்தரியத்தை எடுத்துக் கழுத்துல இடுகாவ. அத்தன பேருக்கும் ஒரே கை. அது ஆருக்க கைன்னு எனக்குத் தெரியாதா?”

“அது படம் அக்கா.”

“படமாக்கும். படம்னா என்ன? அவிய இருக்கச்ச எடுத்ததுதானே? இனி இப்பிடி ஒரு நாளு வரும்னு தெரிஞ்சு விளிச்சு வச்சிருக்காவ. நான் போகாண்டாமா?”

“போயிட்டு?”

வெளியே மழை ஓட்டில் சடசடவென்று விழுந்தது. கொடியில் இருந்து எடுத்து உள்ளே ஆணியில் மாட்டின நீலக் கோட்டுச் சட்டை காற்றுக்கு ஆடியது. அதன் இடது கை லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. லிஜா எழுந்து போய் சன்னலைச் சாத்தினாள். சாத்தின பிறகும் சட்டை சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

லிண்டோ ஐஸ் கம்பெனியிலிருந்து விறைத்த கையோடு வந்தான். லிஜா அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நாளையோட படம் மாறுதாம். பிஜு அண்ணன் சொன்னாரு. நாளை மதியக் காட்சிதான் கடைசி. அக்கா அதுக்குப் பெறவு என்ன செய்வான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“அச்சன்கிட்ட சொல்லு.”

“அச்சன் வந்து உபதேசம் பண்ணிட்டுப் போனாரு. ஆமா ஆமான்னு கேட்டுட்டு அக்கா பஸ் ஏறிப் போனா. நீங்க வாருங்க. உங்க அண்ணனுக்க பெண்டாட்டி, நீங்க சொன்னாத்தான் கேக்கும்.”

“நான் அந்தப் படத்தைப் பாக்கமாட்டேன்.”

“ஏன்?”

அவன் வாளியை எடுத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டான். ஐஸில் நின்றுவிட்டு வந்தவன் மறுபடி பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதைப் பார்க்க லிஜாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மூணு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கோம்” என்றாள். “நீங்க உறக்கத்துல அழுகிய. அக்கா முழிச்சிருந்து சிரிக்கா. நடுவுல நான் ஒருத்தி சோறு வச்சிட்டு இருக்கேன். இனி என்னால ஒக்காது. நாளைக்கு நீங்க வரல்லன்னா நான் எனக்க வீட்டுக்குப் போறேன்.”

லிண்டோ வந்தான்.

வியாழக்கிழமை மதியம் பிஜுவின் ஆட்டோவில் மூவரும் போனார்கள். ஜெம்மா வெளுத்த சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அவள் பூ வைத்து லிஜா பார்த்ததில்லை. பிஜு கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். தியேட்டரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நனைந்த குடைகளின் நாற்றம். மலை பிளந்தது, யானை பறந்தது, ஒருவரும் கையைத் தட்டவில்லை.

பூதங்கள் விழ ஆரம்பித்தபோது லிஜா திரையைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் நீல வெளிச்சம் அடித்தது. முதல் வரிசை கழுத்துக்குக் கை கொண்டுபோனது. லிண்டோவின் வாய் திறந்தது. இடது கைகள் நீண்டன. அவன் எழுந்து, முன் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து, வெளியே ஓடினான்.

லிஜா பின்னாலேயே போனாள். சுவரொட்டி ஒட்டின தூண் பக்கம் அவன் குந்தியிருந்தான். வாந்தி எடுத்திருந்தான்.

“நான் கண்டேன்” என்றான்.

“என்னத்த?”

“அண்ணன் விழுந்தத. காணல்லன்னு சொன்னேன், இல்ல, கண்டேன். இப்பிடித்தான். இதே மாதிரி. உத்தரியத்த எடுத்துப் பல்லுல கடிச்சிட்டு, இடது கையை இப்பிடித் தள்ளினாவ.” உள்ளங்கையை வெளியே காட்டி, விலக்குவது போல ஒருதரம் தள்ளிக் காட்டினான். “விலகிப் போலேன்னு. எஞ்சின் விசிறி வெட்டாம இருக்க. விழுந்தவன் முதல்ல அதைத்தான் காட்டணும், வள்ளத்துல இருக்கவன் முதல்ல அதைத்தான் கேக்கணும். விலகிப் போய்ச் சுத்தி வந்து தூக்கணும். நான் விலகினேன், சுத்தி வந்தேன், ஒரு அலைத்திரை வந்து மறைச்சுது. பெறவு அந்த இடம் எதுன்னே தெரியல்ல.”

“இதை ஏன் ஆருகிட்டயும் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்ல? அண்ணன் போன்னு சொன்னாவ, நான் போனேன்னா?”

லிஜாவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. இடைவேளை மணி அடித்துவிட்டது. ஜெம்மா வாசலில் வந்து நின்றாள். அவர்கள் பேசினதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

“எலே லிண்டோ, வா. இனிதான் அண்ணன் வருவாவ.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஜெம்மாவின் இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் லிஜாவும் உட்கார்ந்தார்கள். கடல் கறுத்தது. பாட்டு நின்றது. தண்ணீருக்குள்ளிருந்து முதல் பூதம் எழுந்து, கையை நீட்டி இழுத்தது. அடுத்தது. அடுத்தது. கண்ணெட்டும் தூரம் வரை கைகள் வா வா என்றன. இரும்பு முகமூடிகளுக்குள் கண்கள் இல்லை. ஆனாலும் எல்லோரும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள் என்று லிஜாவுக்குப் பட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கே எழுந்து போகலாமா என்றிருந்தது. ஜெம்மா மெல்ல எழுந்து நின்றாள்.

“மயினி, இரிங்க” என்றான் லிண்டோ. “இது அண்ணன் எழும்புறது இல்ல. விழுறதாக்கும். திருப்பி ஓட்டியிருக்கானுவ.”

ஜெம்மா காது கொடுக்கவில்லை.

“பக்கத்து வீட்டுப் பிள்ளையளு போன்ல காட்டுவானுவ இல்லியா? பாலத்திலேருந்து குதிச்சவன் வெள்ளத்திலேருந்து பறந்து பாலத்துல ஏறுவான். அதேதான் இது. நல்லாப் பாருங்க. விழும்போ முதல்ல கழுத்து, பெறவு பல்லு, பெறவு இந்தக் கை. எழும்பும்போ முதல்ல கை, பெறவு பல்லு, பெறவு கழுத்து. ஒண்ணு விடாம தலைகீழ். தள்ளுற கையைப் பின்னால ஓட்டினா விளிக்கது போலத்தான் இருக்கும்.”

“நீ என்னத்தக் கண்டா?” என்றாள் ஜெம்மா, திரையை விட்டுக் கண் எடுக்காமல். “அவியளுக்க கை எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும். அன்னைக்கு அந்தக் கை எனக்குத்தான் காட்டினாவ.”

அவள் அப்போதுதான் திரும்பினாள். லிண்டோ வள்ளத்தில் நடந்ததை அவளிடம் சொன்னான். வெளியே லிஜாவிடம் சொன்னதையே, இன்னும் திக்கித் திக்கிச் சொன்னான். யாரோ பின்னாலிருந்து, “பேசணும்னா வெளியில போய்ப் பேசுங்க” என்றார்கள். ஜெம்மா உட்கார்ந்தாள்.

“அந்தக் கையைக் காட்டு.”

அவன் காட்டினான்.

“இன்னொரு மட்டம்.”

உள்ளங்கை வெளியே பார்த்து, விலக்கித் தள்ளியது. திரையில் அதே கை உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஜெம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப அவிய என்னைய வான்னு விளிக்கல்ல.”

“இல்ல மயினி. விலகிப் போன்னுதான்.”

“உத்தரியம் பல்லுல இருந்துதா?”

“இருந்துது. நான் கண்டேன்.”

ஜெம்மா தலையில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ராஜாவின் மகன் பச்சைக் கல்லை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தான்; உலகம் காப்பாற்றப்பட்டது என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மழை விட்டிருந்தது. பொழி திரும்புகிற இடத்தில் ஜெம்மா பிஜுவின் தோளைத் தட்டி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இறங்கி மணலில் நடந்தாள். லிண்டோவும் லிஜாவும் செருப்பைக் கூட எடுக்காமல் பின்னால் ஓடினார்கள். காவித் தண்ணீரும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள்.

“அந்தச் சட்டையை மடிச்சுப் பெட்டிக்கு எடுத்து வைய்யி, லிஜா” என்றாள், திரும்பாமல். “நான் தேச்சு வச்சிருக்கேன். கசக்கிரப்பிடாது.”

பிறகு இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கடலுக்குக் காட்டி, லிண்டோ காட்டினது போல ஒருதரம் தள்ளிப் பார்த்தாள். அலை மணலில் நுரைத்து ஏறி அவள் கால் விரலைத் தொட வந்தது. ஜெம்மா ஓரடி பின்னால் வந்தாள்.